இதயத் தசையின் தழும்பைக் காட்டும் காந்தப் படம்

"உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா?" என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. தாதி சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அக்கா யோசிக்காமலே "இல்லை" என்றார். அடுத்த கேள்விக்கும் "இல்லை". அதற்கடுத்ததற்கும் "இல்லை". படிவம் முடிந்து, வெளியே வாங்கில் வந்து இருந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் பெண்கள் குழுக் கூட்டமொன்றில் இதே அக்கா தனது இடது தோள்பட்டையைத் தொட்டுக் காட்டி, "மாரி வந்தா இது உளையும்" என்று சொல்லியிருந்தார்.

"அக்கா, உங்கட தோளுக்குள்ள பீஸ் இருக்கெல்லே?"

"ஓம். அதைச் சொன்னா ஸ்கான் எடுக்கமாட்டினம் தங்கச்சி. பிறகு எங்க பட்டது, எப்ப பட்டது எண்டு கேப்பினம். இவ்வளவு தூரம் வந்தது வீணாப் போயிடும்."

அவர் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2009 இற்குப் பின்னர் நலன்புரி முகாமிலும், மீள்குடியேற்றத்தின் போதும், காணாமல் ஆக்கப்பட்ட கணவரைத் தேடிய அலைச்சலிலும் அவர் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் பாதுகாப்பானது என்பதை அவர் அங்கேதான் பழகிக்கொண்டார். ஆனால் இந்தப் படிவம் வேறு வகையானது. இதில் சொல்லும் ஒரு பொய் "இல்லை", சொன்னவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுத நினைத்தேன். அக்காவின் சம்மதத்துடன் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

நாங்கள் போனது இதயத்துக்கான எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு. அக்காவுக்கு வயது 47. இரண்டு வருடமாக இளைப்பு. கிணற்றில் நாலு வாளி அள்ளினால் கட்டில் இருந்து மூச்சு வாங்கவேண்டும். இரவில் தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு தலையணை வேண்டும். பின்னேரத்தில் கணுக்கால் வீங்கும். அவரும் அயலவரும் இதற்கு வைத்திருந்த பெயர் "யோசனை". கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு எது வந்தாலும் அதற்கு யோசனைதான் காரணம் என்று சொல்லிவிடுவது எங்கள் சமூகத்தில் எவ்வளவு சுலபமாகிவிட்டது! ஒரு நாள் சந்தையில் மயங்கி விழுந்த பிறகுதான் அவர் மாவட்ட வைத்தியசாலைக்குப் போனார். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தார்கள். இதயத் தசை நோய் என்றார்கள்.

மாரடைப்பை எல்லோரும் அறிவோம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, அந்தக் குழாயை நம்பியிருந்த தசை சாகிறது. இதயத் தசை நோய் அப்படியல்ல. குழாய்களில் அடைப்பு இல்லாமலே தசை பழுதடைகிறது. வைத்தியர்கள் கார்டியோமயோபதி என்பார்கள். சிலருக்கு இதயம் ஊதிப் பெருத்துச் சுவர் மெலியும். பம்பும் வலு குறையும். சிலருக்குச் சுவர் தடித்துப் போகும். பெற்றோரிடமிருந்து வரும் மரபணு, வைரசுக் கிருமி, நீண்டகால மதுப்பாவனை, சில புற்றுநோய் மருந்துகள் என்று காரணங்கள் பல. பிரசவத்தை ஒட்டியும் சில பெண்களுக்கு வரும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

எக்கோ என்பது ஒலியலையால் இதயத்தைப் பார்ப்பது. இடது கீழறையில் நிறைந்திருக்கும் இரத்தத்தில் எவ்வளவை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்று அது சொல்லும். நல்ல இதயம் பாதிக்கு மேல், ஏறத்தாழ 55 முதல் 70 வீதம் வரை தள்ளும். அக்காவின் இதயம் தள்ளியது 38 வீதம். கிளினிக் கொப்பியில் வட்டம் போட்டு எழுதியிருந்த அந்த இலக்கத்தை அவர் அடிக்கடி எடுத்துப் பார்ப்பார்.

ஆனால் அந்த இலக்கம் மட்டும் எதிர்காலத்தைச் சொல்லாது. 38 வீதம் உள்ள இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் குளிசை ஒழுங்காகப் போட்டு ஒரு வருடத்தில் 50 இற்கு மேல் ஏறிவிடுவார். மற்றவர் அதே குளிசையைப் போட்டும், ஒரு நாள் இதயத் துடிப்பு தறிகெட்டு ஓடித் திடீரென இறந்துபோகலாம். பம்பின் அளவு இருவருக்கும் ஒன்றுதான். வேறுபாடு சுவருக்குள் இருக்கிறது. அந்தச் சுவருக்குள் பார்ப்பதற்குத்தான் எம்.ஆர்.ஐ.

இந்தப் படத்தில் எக்ஸ்ரே கதிர் இல்லை. எமது உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் உள்ள ஐதரசன் ஒரு பெரிய காந்தத்துக்குள் போனால் ஒழுங்குபடும். வானொலி அலையை அனுப்பினால் அதிர்ந்து, திரும்பத் தன் நிலைக்கு வரும்போது ஒரு சைகை தரும். அந்தச் சைகைகளைக் கணினி படமாக்குகிறது. இதற்கான வேலைகளுக்காக அமெரிக்காவின் போல் லோட்டர்பரும் பிரித்தானியாவின் பீட்டர் மான்ஸ்பீல்டும் 2003 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள்.

இதயத்துக்கு எடுக்கும்போது இன்னொன்றையும் செய்கிறார்கள். கையில் ஊசி போட்டு கடோலினியம் என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். இது உயிருள்ள கலத்துக்குள் நுழையாது; கலங்களுக்கு இடையிலுள்ள வெளியில் மட்டும் போய்வரும். நல்ல தசையில் கலங்கள் நெருக்கமாக இருப்பதால் மருந்து வந்த வேகத்தில் கழுவிப் போய்விடும். கலங்கள் செத்து, அந்த இடத்தில் நார் வளர்ந்து தழும்பாகியிருந்தால், அங்கே வெளி அதிகம், மருந்து தங்கிநிற்கும். பத்து நிமிடமளவில் பொறுத்துப் படம் எடுத்தால் நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். மாரடைப்பின் தழும்பு சுவரின் உட்பக்கத்திலிருந்து தொடங்கும். தசை நோயின் தழும்பு பெரும்பாலும் சுவரின் நடுவே மெல்லிய கோடாகத் தெரியும். ஆகவே வந்தது எந்த நோய் என்பதையும் இந்தப் படம் பிரித்துக் காட்டும்.

இந்தக் கோட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இதயத்தின் மின்னோட்டம் தசை வழியே ஒரே சீராகப் பரவவேண்டும். தழும்பின் வழியே அது போகாது, சுற்றிப் போகும். சுற்றிப் போகிற மின்னோட்டம் சிலவேளை திரும்பித் திரும்பிச் சுழலத் தொடங்கிவிடும். அப்போது இதயம் துடிப்பதில்லை, நடுங்குகிறது. நிமிடங்களுக்குள் உயிர் போகலாம்.

இதை லண்டனிலுள்ள ரோயல் புரொம்ப்டன் வைத்தியசாலையின் ஆய்வாளர்கள் இலக்கங்களால் காட்டினார்கள். இதயம் விரிவடைந்த 472 நோயாளருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, ஐந்து வருடங்களுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2013 இல் முடிவு வெளிவந்தது. சுவரின் நடுவே தழும்பு இருந்த 142 பேரில் 38 பேர் இறந்திருந்தார்கள். ஏறத்தாழ 27 வீதம். தழும்பு இல்லாத 330 பேரில் 35 பேர். ஏறத்தாழ 11 வீதம். திடீர் மரணத்தையும், மரணத்தின் விளிம்புவரை போய்க் காப்பாற்றப்பட்டவர்களையும் மட்டும் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது: தழும்புள்ளோரில் ஏறத்தாழ 30 வீதம், இல்லாதோரில் 7 வீதம்.

அதே குழுவினர் 2017 இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. பம்பும் வலு 40 வீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களை, அதாவது "பரவாயில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்படக்கூடியவர்களை, அதில் பார்த்தார்கள். 399 பேர். தழும்புள்ள 101 பேரில் 18 பேருக்குத் திடீர் மரணமோ அதற்கு நெருங்கிய நிலையோ ஏற்பட்டது. தழும்பில்லாத 298 பேரில் 7 பேருக்கு மட்டுமே. எக்கோவின் இலக்கம் நல்லது என்பதற்காக ஆபத்து இல்லை என்று சொல்லமுடியாது என்பதே இதன் பொருள்.

தடித்த இதயத்துக்கும் இது பொருந்தும். 1,293 பேரைப் பார்த்த ஒரு ஆய்வு 2014 இல் வெளிவந்தது. இதயத் தசையில் 15 வீதமும் அதற்கு மேலும் தழும்பாக இருந்தவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து, தழும்பே இல்லாதவர்களைவிட இரண்டு மடங்காக இருந்தது. தலசீமியா பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் இதயத்தில் படியும் இரும்பை ஊசி மருந்தே இல்லாமல் எம்.ஆர்.ஐ. அளந்து சொல்லும். டி2 ஸ்டார் எனப்படும் அந்த அளவு 20 மில்லிசெக்கனுக்குக் குறைந்தால் இதயத்தில் இரும்பு இருக்கிறது. 10 இற்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து மிக அதிகம். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே இரும்பை அகற்றும் மருந்தைக் கூட்ட இது உதவுகிறது.

சரி, தெரிந்து என்ன செய்வது? திடீர் மரணத்தைத் தடுக்க ஒரு கருவி உண்டு. ஐ.சி.டி. என்பார்கள். தோளுக்குக் கீழே தோலின் அடியில் வைப்பார்கள். துடிப்பு தறிகெட்டால் அது மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும். விலை கூடியது. தொற்று, தேவையில்லாத அதிர்ச்சி என்று அதற்கும் தொல்லைகள் உண்டு. டென்மார்க்கில் குழாய் அடைப்பு இல்லாத இதயச் செயலிழப்பு உள்ள 1,116 பேரை வைத்து நடத்தி 2016 இல் வெளியிட்ட ஆய்வில், கருவி வைத்தவர்களிடையே திடீர் மரணம் குறைந்தது. ஆனால் மொத்த மரணங்கள் தெளிவாகக் குறையவில்லை. எல்லோருக்கும் வைப்பதால் பயன் இல்லை, தேவைப்படுபவரைத் தெரிந்து வைக்கவேண்டும் என்று இதை விளங்கிக்கொள்ளலாம். தெரிவதற்குத் தழும்பு ஒரு நல்ல அடையாளம். 2023 இல் ஐரோப்பிய இதயநோய்ச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டல், தசை நோய் உள்ளவர்களை முதல் தடவை பரிசோதிக்கும்போதே மருந்து ஏற்றிய எம்.ஆர்.ஐ. எடுக்கும்படி பரிந்துரைக்கிறது.

எங்கள் பகுதிப் பெண்களுக்கு இந்தப் படம் முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நான் நினைக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் படிக்கவில்லை. கிளினிக்கில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தபோது தோன்றியது. வைத்தியர் கேட்டார்: "அப்பா எப்படிச் செத்தவர்?" "ஷெல் விழுந்து." "வயசு?" "நாற்பத்தொண்டு." "சகோதரங்கள்?" "ஒரு தம்பி மாவீரர். மற்றத் தம்பி 2009 இல காயப்பட்டுச் செத்தவன்." "அம்மான்மார்?" அக்கா பேசாமல் இருந்தார். வைத்தியரும் பேனாவை வைத்துவிட்டார். இதயத் தசை நோய் பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. இளம் வயதில் திடீரென இறந்தவர்கள் உண்டா என்பதே வைத்தியருக்கு முதல் துப்பு. யுத்தம் இளம் வயதினரை எடுத்துக்கொண்ட குடும்பத்தில் அந்தத் துப்பை எங்கே தேடுவது? அக்காவின் தந்தைக்கு இந்த நோய் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். நோய் வெளிப்படும் வயதுவரை அவர் வாழவில்லை. குடும்பக் கதை அறுந்துபோனவர்களுக்கு, தசையையே நேராகப் பார்க்கும் ஒரு பரிசோதனை கூடுதல் பெறுமதி உடையதுதானே.

தழும்பு இல்லாத இடத்தில் இந்தப் படம் சொல்லும் நல்ல செய்தியையும் எழுதவேண்டும். 1990 இல் ஜப்பானிய வைத்தியர்கள் ஒரு வினோதமான நோயை விவரித்தார்கள். பெரும் துக்கமோ பயமோ தாக்கியவுடன் மாரடைப்புப் போலவே நெஞ்சு நோகும். ஆனால் குழாயில் அடைப்பு இல்லை. இதயத்தின் நுனி ஊதி, கணவாய் வகையான ஒக்டோபஸ் பிடிக்கும் ஜப்பானியப் பானைபோலத் தெரியும். அந்தப் பானையின் பெயராலேயே டகோட்சுபோ என்று அழைத்தார்கள். வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதினர். 2004 இல் ஜப்பானின் நீகாட்டாப் பகுதியில் பூமி அதிர்ந்தபோது அங்கே இந்த நோய் கூடியதை வைத்தியர்கள் பதிவுசெய்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் தசை வீங்கியிருப்பது தெரியும். தழும்பு பொதுவாக இருக்காது. அநேகமானோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்கு வரும். ஆபத்தே இல்லாதது என்று இதை நினைக்கக்கூடாது. முதல் நாட்களில் உயிராபத்தும் உண்டு. ஆயினும் "மனசில உள்ளதுதான், உடம்பில ஒண்டுமில்லை" என்று ஒதுக்கப்பட்ட பெண்களின் நெஞ்சுநோவு, படம் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு நோயாகவும் இருக்கலாம் என்பதை இது நிரூபித்திருக்கிறது.

பிரசவத்தை ஒட்டிய தசை நோயும் இப்படித்தான். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து, பிள்ளை பிறந்து ஐந்து மாதம் வரையான காலத்தில் பெரும்பாலும் வரும். பிள்ளைப்பெற்ற களைப்பு என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். படுக்கமுடியாத இளைப்பும் கால் வீக்கமும் சேர்ந்து வந்தால் அது வெறும் களைப்பல்ல. குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லுங்கள். இவர்களில் பலருக்குத் தழும்பு விழுவதில்லை. உரிய மருந்துடன் பெரும்பாலானோரின் இதயம் தேறிவிடும். ஆனால் அடுத்த பிள்ளையைப் பற்றி வைத்தியருடன் பேசாமல் முடிவெடுக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு கடோலினியம் ஏற்றுவதைத் தவிர்ப்பார்கள். பாலூட்டும் தாய்க்கு ஏற்றினால் பாலில் கலப்பது மிகச் சொற்பம். பால் கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். பழைய வகை கடோலினியம், சிறுநீரகம் செயலிழந்தோருக்குத் தோல் இறுகும் கொடிய நோயைத் தந்தது 2006 இல் தெரியவந்தது. இப்போது பாதுகாப்பான வகைகளைத் தெரிந்து பயன்படுத்துகிறார்கள். என்றாலும் வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயாளர் மறைக்கக்கூடாத விடயம் இது.

இனி அந்த "இல்லை" என்ற பதிலுக்கு வருவோம்.

எம்.ஆர்.ஐ. காந்தம் பொதுவாக பூமியின் காந்தத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையானது. படம் எடுக்காத வேளையிலும் அது உயிருடன்தான் இருக்கும். சத்தம் இல்லை என்பதற்காக நிறுத்தியிருக்கிறது என்று எண்ணக்கூடாது. 2018 தையில் மும்பையில் ஒரு வைத்தியசாலையில் உறவினருக்காக ஒட்சிசன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போன ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். உடம்புக்குள் உள்ள இரும்புக்கும் இதே விதிதான். இரும்பு வேலை செய்த ஒருவரின் கண்ணுக்குள் அவருக்கே தெரியாமல் கிடந்த உருக்குத் துகள், ஸ்கானின் போது அசைந்து அந்தக் கண்ணின் பார்வையைப் பறித்ததாக 1986 இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழ் பதிவுசெய்தது. எறிகணைத் துண்டுகளில் பெரும்பாலும் இரும்பு உண்டு. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய், இதயம் ஆகியவற்றுக்கு அருகில் அவை கிடந்தால் பெரும் ஆபத்து.

ஆனால் "பீஸ் இருந்தால் ஸ்கான் எடுக்கவே முடியாது" என்பதும் சரியல்ல. பல வருடங்களாகச் சதைக்குள் கிடந்து, சுற்றிலும் நார் வளர்ந்து இறுகிய துண்டு அசைவது குறைவு. எங்கே கிடக்கிறது என்பதை முதலில் எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். பிறகு கதிரியல் நிபுணர் நன்மையையும் ஆபத்தையும் நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கிறார். இதைத்தான் நான் அந்த வாங்கில் இருந்து அக்காவுக்குச் சொன்னேன். காயம் பற்றிய கேள்வி காந்தத்துக்காகக் கேட்கப்படுவது, வேறெதற்கும் அல்ல என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீரே போய்ச் சொல்லும்" என்றார்.

போய்ச் சொன்னேன். எவரும் எங்கே, எப்போது என்று கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்கள். எக்ஸ்ரேயில் ஒரு துண்டல்ல, மூன்று துண்டுகள் இருந்தன. இரண்டு தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், தசைக்குள். மூன்றாவது இடது விலாவின் கீழ்ப்பக்கம், தோலுக்கு அருகே. அந்த மூன்றாவதை அக்காவே அறிந்திருக்கவில்லை! முள்ளந்தண்டுக்கும் பெரிய குழாய்களுக்கும் எட்டத்தில் இருந்தபடியால் நிபுணர் சம்மதித்தார். சூடேறுவது போலவோ இழுப்பது போலவோ தெரிந்தால் உடனே கையிலுள்ள றப்பர்க் குமிழை அமத்தும்படி சொன்னார்கள்.

பொய்க்கால் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எலும்புக்கு வைத்த தகடு, கம்பி பற்றிய வைத்தியசாலைத் துண்டு இருந்தால் கொண்டுபோங்கள். பெரும்பாலும் அவை தடையாவதில்லை. கர்ப்பத்தடைக்கு வைத்த லூப்பும் பொதுவாகத் தடையில்லை. பேஸ்மேக்கர் உள்ளவர்கள், காதுக்குள் கருவி வைத்தவர்கள் எல்லாவற்றுக்கும் முதலில் அதைச் சொல்லவேண்டும். மார்புக்கச்சையின் கொளுக்கி, தலைக் கிளிப், சட்டைப் பின் எல்லாம் கழரவேண்டும்.

தாலிக்கொடியும்தான். பொன் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் படம் கெடும், சூடேறும். அக்காவின் கொடியில் இரண்டு பின் வேறு கொளுவியிருந்தது. கணவர் உயிருடன் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு அத்தனை வருடம் கழற்றாதது. "கழட்டத்தான் வேணுமோ?" என்று என்னைக் கேட்டார். தாதிக்குத் தமிழ் தெரியாது; ஆனால் விளங்கியிருக்கவேண்டும். தன் வேலையை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். அக்கா தானே கழற்றி என் கைலேஞ்சியில் வைத்து, முடிந்து தந்தார். ஒரு மணித்தியாலம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நடப்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. குழாய் ஒடுக்கமானது. சத்தம் பெரிது, சில நேரம் தட்டுவது போலவும், சில நேரம் தொடர்ந்து சுடுவது போலவும் இருக்கும். பங்கருக்குள் இருந்து அந்தச் சத்தங்களைக் கேட்டவர்களுக்கு அது வெறும் இயந்திரச் சத்தமாக இருக்காது. காதுக்குப் பஞ்சோ மூடியோ தருவார்கள், கேட்டு வாங்குங்கள். உலோகம் இல்லை என்று உறுதிசெய்தால் கூட வந்தவரையும் சில இடங்களில் உள்ளே விடுவார்கள். "மூச்சை எடுங்கள், விடுங்கள், பிடியுங்கள்" என்று பத்துப் பதினைந்து செக்கனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மூச்சு அசைந்தால் படம் கலங்கும். அந்தச் சொற்கள் தமிழில் வரும் என்று எதிர்பார்க்கமுடியாது. நான் அந்த மூன்று கட்டளைகளின் சிங்களச் சொற்களைத் தாதியிடம் கேட்டு, அக்காவுக்கு வாங்கில் வைத்தே பழக்கினேன். முதல் தடவை அவர் பயந்து குமிழை அமத்திவிட்டார். வெளியே எடுத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை முழுவதும் கிடந்தார்.

படத்தில் சுவரின் நடுவே ஒரு கோடு இருந்தது. நீளமானதல்ல, ஆனால் இருந்தது.

"அப்ப எனக்கு எத்தனை வருசம்?" என்று அக்கா கேட்டார். சாத்திரியாரிடம் கேட்பது போலத்தான் கேட்டார். வைத்தியர் இலக்கம் சொல்லவில்லை. லண்டன் ஆய்விலும் தழும்பிருந்த 142 பேரில் நூறு பேருக்கு மேல் உயிருடன் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. படம் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. ஒருவரின் நாளைக் குறித்துத் தராது. ஆனால் வைத்தியரின் கை மாறியது. குளிசையின் அளவைக் கூட்டினார். 24 மணித்தியாலம் நெஞ்சில் ஒட்டிவைக்கும் ஈ.சி.ஜி.க்கு எழுதினார். சந்தையில் வந்த மயக்கத்தைப் பற்றி, முதலில் ஒருவரும் கேட்காத அளவுக்குத் துருவித் துருவிக் கேட்டார். ஐ.சி.டி. பற்றி இதய மின்னோட்ட நிபுணருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். 19 வயது மகளுக்கும் எக்கோ பார்க்கச் சொன்னார்.

குளிசை பற்றி ஒன்று. ஆறு மாதத்தில் அக்காவின் இளைப்பு நன்றாகக் குறைந்தது. உடனே, "இனி இவ்வளவு குளிசை என்னத்துக்கு?" என்று தொடங்கிவிட்டார். இந்த நினைப்பு அவருக்கு மட்டும் வருவதல்ல. முற்றாகத் தேறிய 51 நோயாளரை வைத்து லண்டனில் இதைச் சோதித்தார்கள். 2019 இல் லான்செட் இதழில் வெளிவந்தது. வைத்தியரின் கண்காணிப்பில் படிப்படியாகக் குளிசையை நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்து போட்ட மற்றவர்களில் ஒருவருக்கும் அந்த ஆறு மாதத்தில் திரும்பவில்லை. இதை நான் அக்காவுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 25 வட்டம் கீறி, 11 ஐக் கறுப்பாக்கினேன். அந்தத் தாள் இப்போது அவரது குளிசைப் பெட்டிக்குள் கிடக்கிறது.

மகளின் எக்கோ நன்றாக இருந்தது. சில வருடங்களில் திரும்பப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐ.சி.டி. பற்றிய முடிவு இன்னும் வரவில்லை; அடுத்த மாதம் நிபுணரைப் பார்க்கத் திகதி இருக்கிறது. அன்றைக்குக் கதிரியல் நிபுணர் மூன்று துண்டுகளும் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்து ஒரு கடிதம் கொடுத்திருந்தார். இனி எந்த வைத்தியசாலையில் எந்த ஸ்கானுக்குப் போனாலும் காட்டவேண்டிய கடிதம். அக்கா அதில் மூன்று போட்டோப் பிரதி எடுத்தார். ஒன்று கிளினிக் கொப்பிக்குள். ஒன்று மகளிடம். மற்றதை எங்கள் அலுவலகக் கோப்பில் வைக்கும்படி என்னிடம் தந்தார்.